முதுகுவலிக்கு கைரோபிராக்டரிடம் போகும் முன்

பெங்களூரில் அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் பைக்கில் போய் வருபவருக்கு, சில்க் போர்டு நெரிசலில் ஒற்றைக் கால் ஊன்றி ஊன்றியே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் ரீல்ஸில் ஒரு கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தித் திருகி வைத்தியம் பார்ப்பவர், யாருக்கோ முதுகில் 'மடக்'கென்று நெட்டி எடுப்பதைப் பார்த்ததும் நமக்கும் ஆசை வரும். அது எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம், விரலில் சொடக்கு எடுப்பது போலத்தான்.

பலன் உண்டா? சாதாரண இடுப்பு வலிக்கு ஓரளவு உண்டு, ஆனால் ஒழுங்காகச் செய்யும் உடற்பயிற்சியைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓரிரு நாள் உடம்பு வலிக்கும், அது சகஜம்.

காலில் பலம் குறைவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போவது, இதில் ஒன்று இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு. எலும்பு மெலிவு, புற்றுநோய், வலியோடு காய்ச்சல் என்றால் முதலில் டாக்டர்.

கழுத்தைத் திருகுவதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம்வரை போயிருக்கிறது, இடுப்பு வலிக்கு எதற்குக் கழுத்து? படுக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எங்கே படித்தார் என்றும் கேளுங்கள், சலூனில் தலையைத் திருகுபவர் கணக்கில் வரமாட்டார். முதல் நாளே 20 சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.