நுண்பாசி ஏன் திட்டுத் திட்டாகச் சேர்கிறது? கணினியில் நாமே செய்து பார்க்கலாம்

செயற்கைக்கோள் படங்களில் கடலின் பச்சை ஒரே சீராக இருக்காது. சத்தும் வெளிச்சமும் உள்ள இடத்தில் பாசி பெருகுவது உண்மைதான். ஆனால் எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தாலும் திட்டுகள் உருவாகும் என்று 2001-இல் யங், ராபர்ட்ஸ், ஸ்டூன் என்ற மூவர் ஓர் எளிய மாதிரியால் காட்டினார்கள். பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், அதை நாமே ஓட்டலாம்.

படி 1: பக்க நீளம் 1 உள்ள சதுரம்தான் நம் கடல். அதில் 10,000 புள்ளிகளைச் சமவாய்ப்பு எண்களால் தூவுங்கள். ஒரு புள்ளி, ஒரு செல்.

படி 2: ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நாணயச் சுண்டல். பூ விழுந்தால் அந்தச் செல் சாகும், நீக்கிவிடுங்கள். தலை விழுந்தால் அதே இடத்தில் இன்னொரு நகல் வையுங்கள். இந்த ‘அதே இடத்தில்’தான் மாதிரியின் உயிர். செல் இரண்டாகப் பிளக்கும்போது பிள்ளை தாயை ஒட்டித்தானே இருக்கும்?

படி 3: ஒவ்வொரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் எக்ஸ், ஒய் இரண்டோடும் சராசரி 0, திட்ட விலக்கம் 0.002 உள்ள இயல்நிலைப் பரவல் எண்களைத் தனித்தனியே கூட்டுங்கள். வலது விளிம்பைத் தாண்டியது இடது பக்கமாக உள்ளே வரட்டும். மேல், கீழும் அப்படியே.

படி 4: 2, 3 இரண்டையும் 100 சுற்று ஓட்டி, படம் வரையுங்கள்.

புள்ளிகள் கொத்துக் கொத்தாக நிற்கும், நடுவே வெற்றிடங்கள். எந்தச் செல்லும் இன்னொன்றைத் தேடிப் போகவில்லை! இப்போது படி 2-ஐ எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பரவல் சீராகவே இருக்கும். இந்த ஒப்பீட்டைத் தவறாமல் செய்யுங்கள்.

காரணம் இதுதான்: சாவு எங்கும் நடக்கும், பிறப்பு தாய் இருக்கும் இடத்தில் மட்டுமே நடக்கும். தொடக்கச் செல் ஒன்றும் அதன் வழிவந்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம் என்று வையுங்கள். 10,000 குடும்பங்களில் 100 சுற்றுக்குப் பிறகு மிஞ்சுவது 200-க்கும் சற்றுக் குறைவு. மிஞ்சிய ஒவ்வொன்றிலும் சராசரியாக 50-க்கு மேல் உறுப்பினர்கள், எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில். மொத்த எண்ணிக்கை 9,000 அல்லது 11,000 என்று வந்தால் நிரலில் பிழை தேட வேண்டாம். அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு.

அப்புறம், கடல் கலக்கிக்கொண்டே இருக்குமே, அதையும் சேர்க்கலாம். சுற்றுக்கு ஒரு முறை 0-க்கும் 2பை-க்கும் (2π) இடையில் ஓர் எண் எடுங்கள். எல்லாப் புள்ளிக்கும் அதே எண்தான். ஒய்-ஐ 2பை-ஆல் பெருக்கி, அந்த எண்ணைக் கூட்டி, சைன் எடுத்து, 0.05-ஆல் பெருக்கி எக்ஸோடு சேருங்கள். பிறகு புது எண்ணோடு, எக்ஸை வைத்து ஒய்-க்கும் அதையே செய்யுங்கள். கொத்துகள் நீண்டு இழைகளாக மாறும். 0.05-ஐ மெல்ல ஏற்றினால் இழைகள் மெலிந்து, ஒன்றோடொன்று பின்னிப் பரவும்.