பொலன்னறுவையைத் தவறாகப் பார்க்காமல் இருக்க

காலையில் சிகிரியா ஏறி இறங்கி, மதியச் சாப்பாடு முடித்து, இரண்டு மணிக்குப் பொலன்னறுவை, இருட்டுவதற்குள் கண்டிக்கு வண்டி. இலங்கைச் சுற்றுலாத் திட்டங்களில் இப்படியொரு நாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை தலைநகராக இருந்த ஊர் அது. தெற்கே அரண்மனையிலிருந்து வடக்கே திவங்க சிலை மண்டபம் வரை இடிபாடுகள் பல கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் கல் விகாரையில் ஒரு படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வாடகை சைக்கிள் கிடைக்கிறது, உள்ளே சுற்ற அதைவிட நல்ல வழி இல்லை. அப்புறம், ஏரிக்கரையிலுள்ள அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள். இன்று தூண்களும் செங்கல் அடித்தளமும் மட்டும் மிஞ்சிய கட்டடங்கள், கூரையோடு இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று மாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போனால் வட்டதாகே என்ற வட்ட வடிவ ஆலயத்தின் வெறும் தூண்கள் ஒரு காலத்தில் மரக்கூரையைத் தாங்கியவை என்பது கண்ணுக்குத் தெரியும்.

உடை, செருப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புனிதக் கட்டடங்களில் செருப்பும் தொப்பியும் கூடாது. நண்பகலில் அங்கே கல்தரை பாதத்தைச் சுட்டுவிடும். முதல் தடவை நான் அந்த நேரத்தில் போய், வட்டதாகேயின் நான்கு வாசல்களில் இரண்டைக்கூட நின்று பார்க்க முடியாமல் இறங்கினேன். காலை ஏழரைக்கே தொடங்குங்கள், பையில் ஒரு ஜோடி காலுறை இருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பதை அங்குள்ளவர்கள் அவமதிப்பாகவே பார்க்கிறார்கள். 2012-இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையே கிடைத்தது.

இனி, பார்ப்பதைப் புரிந்துகொள்வதில் வரும் தவறுகள். இவைதான் என்னை அதிகம் உறுத்துபவை.

கல் விகாரையில் ஒரே பாறை முகப்பில் நான்கு சிலைகள். படுத்திருக்கும் புத்தரின் நீளம் 14 மீட்டருக்குச் சற்று மேல், பக்கத்தில் கைகளை மார்பில் மடக்கி நிற்கும் சிலையின் உயரம் ஏறக்குறைய 7 மீட்டர். நிற்பவர் ஆனந்தர், குருவின் மறைவுக்கு அழுகிறார் என்று வழிகாட்டிகள் பலர் சொல்வார்கள். உருக்கமான கதை. ஆனால் நிற்கும் உருவம், பொதுவாகப் புத்தருக்கு வைக்கும் தாமரைப் பீடத்தின்மேல் இருக்கிறது. சிலைகள் ஒவ்வொன்றுக்கும் முன்பு தனித்தனிச் சுவர்கொண்ட மண்டபம் இருந்த தடயமும் உண்டு. இடையில் சுவர் இருந்ததென்றால் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து அழுவது எப்படி? அதனால் அதுவும் புத்தர்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். படுத்திருக்கும் சிலையைத் "தூங்கும் புத்தர்" என்பதும் அவசரம்தான். பாதங்களுக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இடது பாதம் வலது பாதத்தோடு நேராக இல்லாமல் சற்றே பின்னுக்கு இழுத்திருக்கும். பரிநிர்வாணத்தை, அதாவது புத்தரின் இறுதி மறைவைக் காட்டச் சிற்பி கையாண்ட குறிப்பு அது. தலையணை தலையின் பாரத்தில் அமுங்கியிருப்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

அரண்மனையில் வேறு வகைத் தவறு. மன்னன் பராக்கிரமபாகுவின் (ஆட்சி 1153–1186) மாளிகைக்கு ஏழு மாடி, ஆயிரம் அறை என்று சூளவம்சம் என்ற பழைய பாலி வரலாற்று நூல் சொல்கிறது. அதை அப்படியே நம்பிப் போனால் ஏமாற்றம், சுத்தப் பொய் என்று தள்ளினாலும் நட்டம். இன்று நிற்பது ஏறக்குறைய 3 மீட்டர் பருமனுள்ள செங்கல் சுவர்கள். மேல்மாடி உத்தரங்கள் செருகியிருந்த துளைகள் அவற்றில் தெரிகின்றன. மேலே இருந்தது மரவேலை, அது எரிந்து போயிற்று.

எல்லாவற்றையும் பராக்கிரமபாகு கணக்கில் எழுதுவதும் பரவலாக நடக்கிறது. அவனுக்குப் பின் 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் கல்வெட்டுகளில் தன் பெருமையை ஓயாமல் எழுதியவன். மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் 8 மீட்டர் நீளக் கல் புத்தகமும், ரங்கொத் விகாரை என்ற பெரிய தாதுகோபமும் (ஸ்தூபி) அவனுடையவை. வட்டதாகேயையும் தன்னுடையது என்கிறான். கட்டியது பராக்கிரமபாகு, மெருகேற்றியது இவன் என்பதே பலர் கருத்து. அரச சபை மண்டபங்களிலும் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். யானை, சிங்கம், குள்ள உருவங்கள் வரிசையாகச் செதுக்கியது அரண்மனைக்குப் பக்கத்திலிருக்கும் பராக்கிரமபாகுவின் மண்டபம். ஏரிக்கரையில் இருப்பது நிசங்கமல்லனுடையது. அங்கே தூண்களில் இளவரசர், சேனாதிபதி, எழுத்தர், வணிகர் என யார் எங்கே உட்கார வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கூட்டம் குறைவு. ஒவ்வொரு தூணாக நின்று பார்த்தால் 12-ஆம் நூற்றாண்டுச் சபை ஒன்று கண்முன் கூடும்.

தமிழராகிய நாம் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிலர் இந்த நகரில் சோழர் தடம் மட்டும் தேடுகிறார்கள், சிலர் இது பௌத்த நகரம், நமக்கென்ன என்று கடந்துபோகிறார்கள். இரண்டுமே நகரத்தைப் பாதியாக்கிவிடும்.

இந்த ஊரைப் பிடித்து ஆண்ட சோழர் இதற்கு வைத்த பெயர் சனநாதமங்கலம். இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகை சொல்லும் சின்னக் கற்கோயிலின் சொந்தப் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். இராஜராஜனின் தேவி, இராஜேந்திரனின் தாய், அவள் பெயரில் எழுந்தது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு, மேலே விமானம் முழுசாக. தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் நிற்பதுபோல் இருக்கும். முக்கியப் பாதையிலிருந்து கொஞ்சம் விலகியிருப்பதால் வண்டிகள் நிற்காமல் போய்விடும், வண்டியில் போனால் ஓட்டுநரிடம் சொல்லி நிறுத்திப் பாருங்கள். பொலன்னறுவையில் கிடைத்த நடராசர், காரைக்கால் அம்மையார் செப்புத் திருமேனிகளைக் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

1070-இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். கதை அங்கே முடிந்ததென்று நினைப்பவர்கள் அடதாகேக்குப் பக்கத்திலிருக்கும் பலகைக் கல்லைப் படிக்காமல் போகிறார்கள். அடதாகே, விஜயபாகு புத்தரின் தந்ததாதுவை (புனிதப் பல்லை) வைக்கக் கட்டுவித்த மாளிகை. அவன் இறந்தபின், அந்தக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள், அரசனிடம் பணியாற்றிய தென்னிந்தியப் படையான வேளைக்காரப் படையினர். கல்லில் உள்ளது தமிழ். புத்தரின் பல் இருக்கும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி". இதே வேளைக்காரர் முன்பொரு முறை, சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது விஜயபாகுவுக்கு எதிராகவே கலகம் செய்து ஒடுக்கப்பட்டவர்கள். கலகம் செய்த படையிடமே அரசின் மிகப் புனிதமான பொருள் ஒப்படைக்கப்படுகிறது, அது தமிழில் கல்லில் ஏறுகிறது. அன்றைய உறவுகளைச் சிங்களவர் ஒரு பக்கம், தமிழர் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

இந்தக் கலப்பு சிற்பத்திலும் உண்டு. வாசற்படிக்கு முன் பதிக்கும் அரைவட்டக் கல்லைச் சந்திரவட்டக் கல் என்பார்கள். பழைய தலைநகரான அனுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் யானை, குதிரை, சிங்கத்தோடு காளையும் இருக்கும். பொலன்னறுவையில் வாசற்படிக் கல்லில் காளையைக் காணோம். சைவருக்குப் புனிதமான விலங்கைக் காலால் மிதிக்கக் கூடாதென்று விலக்கினார்கள் என்பது பரவலான விளக்கம்.

வடக்குக் கோடி திவங்க மண்டபத்தில் ஜாதகக் கதை (புத்தரின் முற்பிறவிக் கதை) ஓவியங்கள் உள்ளன. உள்ளே கேமராவை எடுக்காதீர்கள், அனுமதி இல்லை. மங்கிய சுவரில் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும், பொறுமையாக நில்லுங்கள்.

மாலைக்குத் தெற்கே பொத்குல் விகாரைப் பக்கம் வந்துவிடுங்கள். பாறையில் செதுக்கிய தாடி வைத்த, ஆளைவிட உயரமான சிலையைப் பராக்கிரமபாகு என்றே அறிமுகப்படுத்துவார்கள். கையிலிருப்பது ஏடு, ஆகவே இவர் ஒரு முனிவர் என்போரும் உண்டு, அரசாட்சியின் நுகம் என்போரும் உண்டு. யாராயினும், சிலையைப் பார்த்த கையோடு ஏரிக்கரைக்கு ஏறுங்கள். ஒரு துளி மழைநீரும் மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று பராக்கிரமபாகு சொன்னதாகச் சூளவம்சம் குறிக்கிறது. அவன் பெருக்கிய பராக்கிரம சமுத்திரம் இன்றும் அந்த வட்டாரத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறது.