பஸ்ஸுக்குள் சிக்னல் வர என்ன செய்யலாம்

ஈஸ்டர் சமயம் டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கும்ப் மாரியம்மன் திருவிழாவுக்கு ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக பஸ் பிடித்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயதானவர்கள் இருக்கும் பஸ்ஸில் போன் எடுக்காமல் போவது சின்ன விஷயம் இல்லை.

முதலில் ஒன்று: ரிலே, அதாவது சிக்னலை வாங்கிக் கடத்தும் கருவி, எதுவும் சிக்னலை உண்டாக்காது, வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவரும், அவ்வளவுதான். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் சிக்னல் குறையும் இடத்தில் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, அளவு காட்டும் ஆப்பில் ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்ற அளவு, மைனஸ் எண் பெரிதாக ஆக சிக்னல் மோசம்) என்ன என்று வெளியே ஒருமுறை, சீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். வெளியே மைனஸ் 100, உள்ளே மைனஸ் 115 என்றால் தகரமும் கண்ணாடியும்தான் தடுக்கின்றன, அதைச் சரிசெய்யலாம். வெளியிலேயே மைனஸ் 120-க்குக் கீழே என்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

பஸ் கூரையிலேயே சின்ன 5ஜி நிலையமாக வேலை செய்து, பக்கத்து டவரோடு ரேடியோவிலேயே பேசும் உண்மையான ரிலேவுக்கு மொபைல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் ரிலீஸ் 18 என்ற தொகுப்பில் தரம் வகுத்திருக்கிறார்கள். அது மொபைல் நிறுவனத்தின் அலைவரிசையில் இயங்குவது, நாம் கடையில் வாங்கி மாட்டுகிற பொருள் இல்லை. சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரும் அப்படித்தான்: நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் மாட்டாதீர்கள், சரியில்லாத பூஸ்டர் டவரிலேயே இரைச்சலைக் கிளப்பி அக்கம்பக்கத்தார் எல்லோருடைய போனையும் கெடுக்கும்.

நம்மால் முடிவது, வெளி ஆன்டெனா மாட்டக்கூடிய 4ஜி அல்லது 5ஜி ரூட்டர். தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இக்காசாவின் அங்கீகாரம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஆன்டெனா கூரையின் நடுவில், ஏசி பெட்டிக்குத் தள்ளி இருக்கட்டும், கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் நீளமான மெல்லிய கேபிள் ஆன்டெனா பிடித்ததில் பாதியை வழியிலேயே தின்றுவிடும். கூரையில் போட்ட துளையைச் சிலிகோன் பசை வைத்து நன்றாக அடைத்துவிடுங்கள். பெரிய பஸ்ஸில் 24 வோல்ட் வரும், ரூட்டர் அதைத் தாங்குமா என்று பார்த்து, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டு, சாவி திருப்பினால் மட்டும் ஓடும்படி இணையுங்கள். இரண்டு சிம் போடும் ரூட்டர் என்றால் வேறுவேறு நிறுவனத்து சிம்களாகப் போடுங்கள், மலைப்பாதையில் ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடிக்கலாம்.

அப்புறம், புறப்படும் முன்பே எல்லோர் போனையும் ரூட்டரின் வைஃபையில் இணைத்து, வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பு வரச் செய்யும் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிடுங்கள். இதை மறந்தால் வாட்ஸ்அப் வரும், சாதாரண அழைப்பு வராது. மாட்டி முடித்ததும் முன்பு அளந்த அதே இடத்தில் ரூட்டரின் செட்டிங்ஸ் திரையில் காட்டும் ஆர்எஸ்ஆர்பி அளவைப் பாருங்கள், வெளியே கிடைத்த அளவுக்கு அருகில் வராவிட்டால் முதலில் ஆன்டெனா கனெக்டரைத்தான் இறுக்கிப் பார்க்க வேண்டும்.