மேஸ்திரியோடு போன அறிவு

எங்கள் கட்டுமான நிறுவனத்தில் தள மேற்பார்வை என் பொறுப்பு. பல வருடம் எங்களோடு இருந்த மேஸ்திரி ஒருவர் வேலையை விட்டுப் போனார். அடுத்த கட்டடத்தில் பால்கனி தளத்தின் மேற்பரப்பில், சுவரை ஒட்டி விரிசல். உடைத்துப் பார்த்தால், மேலே இருக்க வேண்டிய கம்பி கீழே அமுங்கிக் கிடந்தது. சுவரிலிருந்து வெளியே நீளும் தளத்தில் இழுவிசை மேற்பக்கம்தான் வரும். கம்பி இறங்கினால் பலம் போச்சு. கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அதை இறக்கிவிடுவார்கள் என்பது அந்த மேஸ்திரிக்குத் தெரியும். கம்பிக்கு அடியில் நெருக்கமாக முட்டுக் கொடுப்பார், நடக்கப் பலகை போடுவார். வரைபடத்தில் பலகை இருக்காது. அவரிடம் நாங்கள் கேட்டு வைத்ததே இல்லை. அது எங்கள் தப்பு.

இடித்து மறுபடி போட்டோம். கான்கிரீட்டின் பலத்தை 28-ம் நாள் சோதனையில்தான் உறுதி செய்கிறோம். அட்டவணை அங்கேயே சரிந்தது.

இனி இப்படி நடக்காமலிருக்க, அவரவருக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொல்லி முதலில் எல்லோருக்கும் படிவம் கொடுத்தேன். ஒருவரும் நிரப்பவில்லை. சரி என்று அதை விட்டுவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன்னால் 10 நிமிடம் நின்று, மூத்த ஆட்களிடம் ஒரே ஒரு கேள்வி: "இங்கே எது தப்பாகப் போகும்?" பதிலை இளம் பொறியாளர் போனில் குரலாகப் பதிவு செய்வார், படமும் எடுப்பார். கட்டடத்தின் பெயரில் சேமித்தால் பிறகு யாரும் தேடுவதில்லை; அதனால் படிக்கட்டு, பால்கனி, தொட்டி என்று வேலைவாரியாக வைத்தோம். தெரிந்ததைச் சொல்லிவிட்டால் தன் மதிப்பு குறையுமோ என்ற பயம் மூத்தவர்களுக்கு இருந்தது, நியாயமான பயம்தான். ஒவ்வொரு பதிவிலும் சொன்னவர் பெயரைப் போட்ட பிறகே மனம் திறந்து பேசினார்கள்.

அடுத்த பால்கனிக்கு நான் போனபோது, யாரும் சொல்லாமலே பலகை போட்டிருந்தது.