ஈசிஆர் பாஸ்போர்ட்டால் நின்றுபோன என் கத்தார் பயணம்

போர்டிங் பாஸ் கையில். இமிகிரேஷன் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, "ஈசிஆர் இருக்கே, கிளியரன்ஸ் எங்கே?" என்றார். ஈசிஆர் (Emigration Check Required) என்றால், சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசின் குடிபெயர்வு அனுமதி, அதாவது கிளியரன்ஸ், வாங்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் இருக்கும் குறிப்பு. விமானம் போய்விட்டது. அம்மா கட்டிக்கொடுத்த புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க மனமில்லாமல் வீடு திரும்பினேன்.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வேண்டும். நான் தேறியவன்தான்! முதலில் பாஸ்போர்ட் எடுத்தபோது மதிப்பெண் பட்டியலைக் காட்டவில்லை, அதனால் ஈசிஆர் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் சேவா தளத்தில் ரீஇஷ்யூ (மறுவெளியீடு) விண்ணப்பத்தில் ஈசிஆர் நீக்கம் கேட்டேன். கட்டணம் 1,500 ரூபாய். அசல் மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் அதன் எண்ணைக் கம்பெனிக்கு அனுப்பி விசாவையும் மாற்றினேன். பழைய எண்ணிலேயே விசா இருந்தால் மறுபடி சிக்கல்.

பத்தாவது தேறாத தம்பிகள் அரசின் இ-மைக்ரேட் (eMigrate) தளம் வழியாகக் கிளியரன்ஸ் வாங்க வேண்டும்; காப்பீடும் கட்டாயம். ஏஜென்ட் "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்" என்றால் தயவுசெய்து போகாதீர்கள். சம்பளம் தராவிட்டால் கேட்க ஒப்பந்தமே இருக்காது.