டக்ளஸ் ஆடம்ஸை எந்த வரிசையில் படிப்பது?

முதலில் காது, அப்புறம் கண். இந்த ஆங்கில எழுத்தாளரின் நகைச்சுவை அறிவியல் புனைகதையான 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி' 1978 மார்ச்சில் பிபிசி ரேடியோ 4-இல் நாடகமாகத்தான் பிறந்தது. முதல் தொடர் ஆறு பகுதிகள், பகுதிக்கு அரைமணி. இரண்டைக் கேட்டாலே அவருடைய உரைநடையின் தாளம் பிடிபட்டுவிடும்.

பிறகு 1979-இல் வந்த நாவல். வேகமாகப் புரட்டாதீர்கள். தொடக்கத்தில் நாயகன் ஆர்தர் டென்டின் வீட்டைச் சாலைக்காக இடிக்க வருகிறார்கள். அறிவிப்போ யார் கண்ணிலும் படாத நிலவறையில் கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் பூமிக்கும் அதே கதி, அதே அரசாங்கத் தொனி. அந்த ஒற்றுமையைத் தவறவிட்டால் பாதிச் சிரிப்பு போச்சு.

இந்த நாவல் வானொலியின் முதல் நாலு பகுதிகளோடு சட்டென்று நிற்கிறது. பலர் ஏமாந்து மூடிவைப்பது இங்கேதான். 1980-இல் வந்த இரண்டாம் பாகத்தைக் கையோடு எடுங்கள்.

மூன்றாவது, 1982. பிபிசியின் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வுக்காக யோசித்த கதையை மாற்றி எழுதியது. கதைக்குள் கிரிக்கெட் வருவதால் அது தெரிந்தவர்களுக்குக் கூடுதல் லாபம். நாலாவது காதல் கதை. 1992-இல் வந்த ஐந்தாவது இருண்டது, அதை உடனே தொடாதீர்கள். நடுவில் விலங்கியலாளர் மார்க் கார்வர்டைனுடன் எழுதிய 'லாஸ்ட் சான்ஸ் டு சீ' படியுங்கள்: அழியும் விலங்குகளைத் தேடிய பயணம், பறக்காத ககாபோ கிளி உட்பட. அவருடைய ஆகச்சிறந்த புத்தகம் இதுதான் என்பேன்.

கதையில் வாழ்க்கை, பிரபஞ்சம் என எல்லாவற்றுக்கும் விடையாக வரும் 42-க்கு உள்ளர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெறும் சாதாரண எண் என்று அவரே சொல்லிவிட்டார்.