முகாமில் கையடக்க ஸ்கேனர்: வெளி ஆண்டெனாவை மரத்தில் ஏற்றுவது எப்படி

விமானம், கப்பல், அமெச்சூர் ரேடியோ போன்றவற்றின் பேச்சைத் தேடிக் கேட்கும் ரேடியோக் கருவிதான் ஸ்கேனர். கையடக்க ஸ்கேனரோடு வரும் ரப்பர் ஆண்டெனா சட்டைப்பைக்கு ஏற்றபடி குறுக்கப்பட்டது. உள்ளே இருப்பது சுருளாகச் சுற்றிய கம்பி. அதற்கு எதிர்முனையாக (ஆண்டெனாவின் மறுபாதியாக) ஸ்கேனரின் உடலும் அதைப் பிடித்திருக்கும் கையுமே வேலை செய்கின்றன. ஊருக்குள் இது போதும். பள்ளத்தில், மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

எதை முதலில் சரிசெய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலிடம் உயரத்துக்கு. அடுத்தது கேபிள், அதற்கடுத்தது ஆண்டெனாவின் வடிவம். பெருக்கி (சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) வாங்குவது கடைசி. பெரும்பாலான முகாம்களில் அது தேவையே இல்லை.

உயரம் தரும் லாபம்

ஸ்கேனர் பெரும்பாலும் பிடிக்கும் விஎச்எஃப் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்), யுஎச்எஃப் (அதற்கு மேல்) அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. ரேடியோ தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வேண்டுமானால், ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் போதும். 1.5 மீட்டர் உயரத்தில் 5 கி.மீ., 6 மீட்டரில் 10 கி.மீ., 9 மீட்டரில் சுமார் 12.4 கி.மீ. ஒலிபரப்பும் கோபுரத்தின் தொடுவானத்தையும் இதோடு கூட்ட வேண்டும். 30 மீட்டர் கோபுரம் என்றால் இன்னும் 22.5 கி.மீ.

தூரக் கணக்கைவிட முக்கியமானது சிக்னலின் பலம். சமதரையில், தொலைவில் உள்ள தரை நிலையத்தைக் கேட்கும்போது, உயரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் (நான்கு மடங்கு சக்தி) கூடும். 1.5 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு ஏற்றினால் 12 டெசிபல். எந்த விலை உயர்ந்த ஆண்டெனாவும் கூடார வாசலில் நின்றபடி இதைத் தராது.

விமானங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 10,000 மீட்டரில் பறக்கும் விமானத்தின் தொடுவானம் 400 கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் விமானியின் பதில் ரப்பர் ஆண்டெனாவிலேயே தெளிவாகக் கேட்கும், தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையின் குரல் கேட்காது. உயரம் கூட்டுவது அந்த இரண்டாவது குரலுக்காகத்தான்.

சுற்றிலும் மலை இருந்தால் 6 மீட்டர் கம்பம் அதைத் தாண்டப் போவதில்லை. ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நூறு மீட்டர் நடந்து பாருங்கள். அங்கே நன்றாகக் கேட்டால் கூடாரத்தையே சற்று மேலே போடுவது எளிது.

ஒரு துண்டுக் கம்பியில் முதல் மருந்து

எதையும் கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கால் அலை நீளமுள்ள, அதாவது கேட்கும் அலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு உள்ள, மெல்லிய கம்பி ஒன்றை (146 மெகாஹெர்ட்ஸுக்கு 49 செ.மீ.) எடுத்து, அதன் ஒரு முனையைச் சுரண்டி, ஆண்டெனா கனெக்டரின் வெளி உலோக வளையத்தில் சுற்றுங்கள். மீதியைக் கீழே தொங்கவிடுங்கள். ரப்பர் ஆண்டெனாவுக்கு இதுவரை இல்லாத எதிர்முனை இப்போது கிடைத்துவிடும். சிறிய உடல் கொண்ட ஸ்கேனரில் வித்தியாசம் காதுக்கே தெரியும். கம்பி நடுமுனையைத் தொடக் கூடாது. தொட்டால் எதுவும் கேட்காது.

தொங்கவிடும் ஆண்டெனா

முகாமுக்கு மிகவும் பொருத்தமானது கால் அலை கிரவுண்ட் பிளேன். மேலே ஒரு கம்பி, கீழே சாய்ந்த நான்கு கம்பிகள். தேவையானவை:

- நான்கு துளை கொண்ட எஸ்ஓ-239 சாக்கெட் (ஆண்டெனா கேபிள் திருகும் சாக்கெட்) 1
- வீட்டு ஒயரிங்குக்கான ஒற்றை இழைச் செம்புக் கம்பி, 2.5 சதுர மி.மீ., 3 மீட்டர்
- எம்3 திருகும் நட்டும் 4 ஜோடி, வளைய முனை லக் 4
- 2 மி.மீ. நைலான் கயிறு 25 மீட்டர்
- ஒரு முனையில் பிஎல்-259 (அந்தச் சாக்கெட்டில் திருகும் பிளக்), மறுமுனையில் பிஎன்சி (ஸ்கேனரில் மாட்டும் பிளக்) உள்ள கோஆக்சியல் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல்) 8 முதல் 10 மீட்டர்
- மடக்கிப் பூட்டும் ஃபெரைட் கிளிப் 3 அல்லது 4

மேல் கம்பியின் நீளத்துக்கு, 7125 ஐக் கேட்கும் அதிர்வெண்ணின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் சென்டிமீட்டரில் விடை வரும். விமான அலைவரிசை 118 முதல் 137 வரை, நடுவில் 127 என்று வைத்தால் 56 செ.மீ. அமெச்சூர் ரேடியோக்காரர்களின் 2 மீட்டர் அலைவரிசைக்கு (146) 49, கடல்சார் அலைவரிசைக்கு (157) 45.5, 460 மெகாஹெர்ட்ஸுக்கு 15.5. சாய்வுக் கம்பிகளை இதைவிட 5 சதவீதம் நீளமாக வெட்டுங்கள். கேட்பதற்கு மட்டும்தான் என்பதால் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஒன்றும் ஆகாது.

1. மேல் கம்பியின் அடியில் 1 செ.மீ. உறையை உரித்து, சாக்கெட்டின் நடுக்குழியில் வைத்து சாலிடர் செய்யுங்கள். குழி கம்பியைவிட அகலமாக இருக்கும். உரித்த முனையை இரட்டையாக மடித்து நுழைத்தால் இறுக்கமாக நிற்கும். கூடுதல் 3 செ.மீ. விட்டு வெட்டியிருந்தால் மேல்முனையை மடித்து ஒரு கண்ணி போடலாம்.
2. நான்கு கம்பிகளின் முனையிலும் லக் பொருத்தி, நான்கு துளைகளிலும் திருகுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கிடைமட்டத்திலிருந்து 45 பாகை கீழே வளையுங்கள். இந்தச் சாய்வில் ஆண்டெனாவின் மின்மறுப்பு (ரேடியோ மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) கேபிளுக்குப் பொருந்தும் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். கிடையாக விட்டால் 36 ஓம் அளவுக்கு இறங்கும்.
3. ஒரு துளைத் திருகிலிருந்து நைலான் கயிற்றைக் கட்டி, மேல் கம்பியின் ஓரமாகக் கொண்டுபோய்க் கண்ணிக்குள் நுழைத்து, தூக்கும் கயிற்றோடு முடியுங்கள். எடை முழுவதும் இந்தக் கயிற்றில் விழ வேண்டும், மேல் கம்பி தளர்வாக நிற்க வேண்டும். 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் கிட்டத்தட்ட 400 கிராம் இருக்கும். அந்தப் பாரத்தைச் சாலிடர் தாங்கிக்கொண்டு இருந்தால் முதல் காற்றிலேயே விட்டுவிடும்.
4. கேபிளை அடியில் திருகி, சாய்வுக் கம்பிகளுக்குக் கொஞ்சம் கீழே ஃபெரைட் கிளிப்புகளை அடுத்தடுத்துப் பூட்டுங்கள். கேபிளின் வெளிப்பின்னல் தானே ஓர் ஆண்டெனாவாகிக் கூடாரத்தின் இரைச்சலை மேலே கொண்டுபோவதை இவை தடுக்கும்.

இரண்டு அலைவரிசை வேண்டுமா? 49 செ.மீ. கம்பி 435 மெகாஹெர்ட்ஸில் முக்கால் அலையாக வேலை செய்யும். ஆனால் அப்போது அதன் கவனம் மேல்நோக்கிப் போய்விடும், தொலைதூரத் தரை நிலையங்கள் மங்கும். அதே குழியில் 16.5 செ.மீ. கம்பி ஒன்றையும் சேர்த்துப் பற்றவைத்து, நுனிகளை மூன்று நான்கு சென்டிமீட்டர் விலக்கிவிட்டால் இரண்டுக்கும் வழி பிறக்கும்.

இதே ஆண்டெனாவில் வாக்கிடாக்கியை இணைத்துப் பேசுவது வேறு விஷயம். எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா கருவிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) அளக்காமல் ஒலிபரப்பினால் கருவியின் இறுதி நிலை டிரான்சிஸ்டருக்கு ஆபத்து.

காரில் போகிறவர்களுக்குக் காந்த அடி ஆண்டெனாவும் நல்லதே. இரும்புக் கூரை முழுவதும் அதற்கு எதிர்முனை. அலுமினியக் கூரையில் காந்தம் ஒட்டாது. கார் இல்லாத இடத்தில் அகலமான இரும்புத் தட்டு ஒன்றின் மேல் வைத்தாலும் சமாளிக்கலாம்.

கேபிள்: பெற்றதை இழக்கும் இடம்

10 மீட்டர் ஆர்ஜி-58 இல் 150 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் சுமார் 2 டெசிபலை இழக்கும். 450 இல் சுமார் 3.5. பென்சில் முள்போல் மெலிந்த ஆர்ஜி-174 பைக்குள் அழகாகச் சுருளும், ஆனால் 150 இல் மூன்றரை, 450 இல் ஆறரை டெசிபல் போய்விடும். எல்எம்ஆர்-240 வகையில் இழப்பு முறையே 1, 1.7 டெசிபல்தான். விலை கூடுதல், வளைவதும் கடினம்.

கேபிள் டிவிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 ஐப் பலர் 75 ஓம் என்று ஒதுக்குகிறார்கள். கேட்பதற்கு அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு 0.2 டெசிபலுக்குள்தான். அதன் சொந்த இழப்போ ஆர்ஜி-58 இல் பாதிக்கும் குறைவு. விறைப்பாக இருப்பதும் எஃப் கனெக்டருக்கு அடாப்டர் தேடுவதும்தான் தொல்லை.

800 மெகாஹெர்ட்ஸ் கேட்பவர்கள் ஆர்ஜி-58 ஐத் தொடாமலிருப்பது நல்லது. பத்து மீட்டரில் 5 டெசிபல் அளவுக்குப் போகும். எதைக் கேட்டாலும் தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். மிச்சத்தைச் சுருட்டி வைத்தாலும் அந்த மீட்டர்களின் இழப்பு அப்படியேதான் இருக்கும்.

ஸ்கேனரில் எஸ்எம்ஏ எனும் சிறிய திருகு கனெக்டர் இருந்தால் தடித்த கேபிளை நேரடியாகத் திருகாதீர்கள். கேபிள் ஒருமுறை இழுபட்டால் சர்க்யூட் பலகையிலிருந்தே சாக்கெட் பெயர்ந்துவிடும். 20 முதல் 30 செ.மீ. ஆர்ஜி-316 இணைப்புக் கேபிளை இடையில் போட்டு, தடித்த கேபிளை மேசைக்காலிலோ கூடாரக் கம்பத்திலோ கட்டிவிடுங்கள். எஸ்எம்ஏவில் ஆண், பெண் இரண்டு வகையும் கருவிக்குக் கருவி மாறும். புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள்.

மேலே ஏற்றுதல்

முதலில் மேலே பாருங்கள். மின்கம்பி எதுவும் கம்பத்தின் அல்லது கயிற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

கயிற்று முனையில் 200 முதல் 300 கிராம் எடையுள்ள துணிப்பை ஒன்றைக் கட்டிக் கிளைக்கு மேல் வீசலாம். கல்லைக் கட்டி வீசினால் முடிச்சு நழுவி யார் தலையிலாவது விழும். அடிமரத்தை ஒட்டி ஏற்றாமல், கிளையின் வெளிப்பகுதியில், மரத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளித் தொங்குமாறு பாருங்கள். ஈர இலைகள் யுஎச்எஃப் சிக்னலைக் கணிசமாக விழுங்கும்.

மரம் இல்லாத இடத்துக்கு 6 அல்லது 7 மீட்டர் நீளும் கண்ணாடியிழைத் தூண்டில் கம்பு உகந்தது. கார்பன் இழைக் கம்பு வேண்டாம், அது மின்சாரம் கடத்தும், ஆண்டெனாவின் போக்கைக் கெடுக்கும். நுனித் துண்டு மிக மெல்லியது, அதைக் கழற்றிவிட்டு அடுத்த துண்டில் கட்டுங்கள். மூன்று இழுகயிறுகள், 120 பாகை இடைவெளியில், கம்பத்தின் பாதி உயரத்துக்குக் குறையாத தூரத்தில் முளை. இரவில் யாரும் தடுக்கி விழாமலிருக்கக் கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுங்கள்.

ஆண்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். தரைநிலைய இருவழி ரேடியோக்கள் பெரும்பாலும் செங்குத்து முனைவாக்கத்தில், அதாவது அலை மேலும் கீழுமாக அதிரும்படி, ஒலிபரப்புகின்றன. கம்பியைக் கிடையாக விட்டால் 20 டெசிபல் வரை இழக்கலாம், அப்போது ஏற்றிய உயரமெல்லாம் வீண்.

கேபிள் கூடாரத்துக்குள் நுழையும் இடத்துக்கு முன், அது ஒரு முறை கீழே தொங்கி மேலேறி வரட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மேல் கனெக்டரைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். பின்னலுக்குள் நீர் ஏறிய கேபிள் காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது.

இணைக்கும் முன், கேபிளின் நடுமுனையையும் வெளி வளையத்தையும் ஒரு கணம் உலோகத்தால் சேர்த்துத் தொடுங்கள். வறண்ட காற்றில் ஆடிய கம்பியில் நிலைமின்னூட்டம் சேர்ந்திருக்கும். ஸ்கேனரின் முதல் டிரான்சிஸ்டருக்கு அது போதும்.

இணைத்த பிறகு மோசமானால்

வெளி ஆண்டெனா மாட்டியதும் பலவீனமான நிலையங்கள் காணாமல் போய், எஃப்எம் பாட்டோ ஒரே குரலோ பல இடங்களில் கேட்டால் ஆண்டெனாவில் பழுது இல்லை. ஸ்கேனர் திணறுகிறது. கையடக்கக் கருவிகளின் முன்பகுதி ரப்பர் ஆண்டெனாவின் சிறிய சிக்னலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் பொத்தானை அழுத்துங்கள். சத்தம் குறைந்து பேச்சு தெளிவானால் நோய் இதுதான். அருகில் எஃப்எம் கோபுரம் இருந்தால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் ஃபில்டரைக் கேபிளுக்கும் ஸ்கேனருக்கும் நடுவே போடுங்கள். 118 ஐ ஒட்டிய விமான அலைவரிசையையும் அது சற்றே கடிக்கும். பெருக்கியை வாங்கிப் போட்டால் இந்த நிலை இன்னும் மோசமாகும்.

இடைவிடாத சீற்றமோ விட்டுவிட்டுத் துடிக்கும் இரைச்சலோ வந்தால் உங்கள் கூடாரத்தைச் சந்தேகியுங்கள். காடு அமைதியாகத்தான் இருக்கும், இரைச்சலை நாம்தான் மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம். எல்இடி விளக்கு, சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், யுஎஸ்பி சார்ஜர், பவர் பேங்க் என ஒவ்வொன்றாக அணையுங்கள். ஸ்கேனரைச் சொந்த பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். குற்றவாளி கிடைத்ததும் அதன் ஒயரில் ஃபெரைட் போடுங்கள், அல்லது கேட்கும் நேரத்தில் அணைத்து வையுங்கள்.

டிஜிட்டல் டிரங்கிங் அமைப்புகளில் (பல குழுக்கள் சில சேனல்களைப் பகிர்ந்து பேசும் ரேடியோ அமைப்பு) இன்னொரு சிக்கல் உண்டு. பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் ஒலிபரப்பினால், உயரமான ஆண்டெனா எல்லாவற்றையும் சிறு கால வேறுபாட்டோடு பிடித்துக் குழப்பிவிடும். சிக்னல் பட்டை முழுதாக நிற்க, பேச்சு உடைந்து வரும். அங்கே ஆண்டெனாவைத் தாழ்த்துவதோ, ஒரே கோபுரத்தை நோக்கித் திருப்பிய யாகி ஆண்டெனாவோ (ஒரு திசையில் மட்டும் நன்றாகக் கேட்கும் வகை) தான் தீர்வு.

சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைப் புதிய ஆண்டெனா மாட்டிய பிறகு புதிதாக அமையுங்கள். பழைய இடத்திலேயே விட்டால் ஸ்கேனர் காலியான சேனலில் நின்றுவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, விமான நிலையம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் வானிலை அறிவிப்புபோல் நிலையான, பலவீனமான ஒரு சிக்னல் வேண்டும். இரண்டு ஆண்டெனாக்களையும் அதில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சில நேரம் ஆண்டெனாவை ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினாலே மங்கிய நிலையம் தெளிந்துவிடும். எதிரொலித்து வரும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் புள்ளியில் அது தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

எந்த அலைவரிசைகளைக் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. சில நாடுகளில் ஸ்கேனர் வைத்திருக்கவே அனுமதி தேவை.

மின்னலும் மூட்டை கட்டுதலும்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்கு முன்பே கேபிளைக் கழற்றிக் கூடாரத்துக்கு வெளியே போட்டிருக்க வேண்டும். அதற்குள் தாமதமாகிவிட்டால் கேபிளையோ கம்பத்தையோ தொடாதீர்கள், காருக்குள் போய் உட்காருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம்.

இறக்கும்போது சாய்வுக் கம்பிகளைக் கேபிளோடு ஒட்டி மடக்கினால் குடைபோல் சுருங்கும். வளைக்கும் இடம் லக்கிலிருந்து ஒரு விரல் தள்ளி இருக்கட்டும், லக்கின் ஓரத்திலேயே மடக்கினால் ஏழெட்டு முறையில் செம்பு முறியும். கேபிளை 20 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத வட்டமாகச் சுற்றி, இரண்டு கனெக்டர்களுக்கும் மூடி போட்டு வையுங்கள்.